ஒலி வரும்வரை தொட வேண்டாம்

அந்தக் குழுவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஜாக்கிரதை’ என்றுதான் கூப்பிடுவார்கள். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைத் தொகுத்து, ஒரு ‘வழங்கலாக’ உருவாக்கி உலகத்துக்கு இலவசமாகக் கொடுக்கிற தன்னார்வலர் குழு அது. கணினியில் அதை எப்படி ஏற்றுவது என்று படிப்படியாகச் சொல்லும் நிறுவல் கையேடு அவர் பொறுப்பு. அந்தக் கையேட்டில் பக்கத்துக்கு இரண்டு சிவப்புக் கட்டங்களாவது இருக்கும். ஒவ்வொன்றும் ‘ஜாக்கிரதை!’ என்றுதான் ஆரம்பிக்கும். பட்டப்பெயர் அப்படி வந்தது.

பிழைப்புக்கு அவர் பார்த்ததும் அதே ரகம்தான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்துச் சொருகியிருக்குமே ஒரு துண்டுத்தாள், யாரும் பிரித்துப் படிக்காமல் தூக்கிப் போடுவது, அதை எழுதுகிறவர். தலைச்சுற்றல் வரலாம், வாய் உலரலாம், வண்டி ஓட்டக் கூடாது. பகலெல்லாம் இதை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து கையேட்டைத் திறந்தால் கை வேறு எதை எழுதும்? அவர் மனைவி ஒரு தடவை கேட்டே விட்டார்: “கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஒரு துண்டுத்தாள் குடுத்திருக்கலாம்ல? உங்களைப் பத்தி?”

இந்த வெளியீட்டில் அவருக்குப் பெரிய வேலை ஃபர்ம்வேர் அத்தியாயம். சுவிட்சைப் போட்டதும் கணினிக்குள் முதலில் கண் விழிப்பது அதுதான். ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் என்று எந்த வட்டிலிருந்து வேலையை ஆரம்பிப்பது என்று முடிவு செய்வதும் அதுதான். பழைய கையேட்டில் அந்த அத்தியாயம் படிக்கிறவனுக்குச் செய்த பாவம். லோகோ தோன்றி மறைவதற்குள் எஃப்2 அமுக்கு, நடக்காவிட்டால் எஃப்12, அதுவும் இல்லையென்றால் டெலீட். ஒரு நீலத் திரை வரும். அறிமுகமில்லாத மென்பொருளை உள்ளே விடாத பாதுகாப்புப் பூட்டு ஒன்று அதில் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும், அதைத் தேடி அணை. பிறகு வட்டுகளின் வரிசையை மாற்று. இப்போது அந்தப் பூட்டு ஏற்றுக்கொள்ளும் டிஜிட்டல் கையொப்பம் அவர்கள் வழங்கலுக்கு வந்துவிட்டது. எதையும் அணைக்க வேண்டாம். நீலத் திரைப் பக்கமே போக வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய லினக்ஸிலேயே ஒரு கட்டளை அடித்தால் போதும்: அடுத்த ஒரு தடவை மட்டும் பென்டிரைவிலிருந்து எழுந்திரு.

மற்றவர்களுக்கு இது ஒரு வசதி. அவருடைய தங்கைக்கு இதை விட்டால் வேறு வழியே கிடையாது.

தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தாள். ஒரு மருத்துவமனையின் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, டைப் செய்து அனுப்புவது அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே செய்தாள். விரல் வேகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கணினி எழுந்து, திரையை வாசித்துச் சொல்லும் குரலும் எழுந்துவிட்டால் அவளை யாரும் பிடிக்க முடியாது. அதற்கு முந்தைய கட்டம் மட்டும்தான் ஊமை. ஃபர்ம்வேர் திரைக்கு வாயே இல்லை. அதனால் நிறுவுவது, பூட்டுவது, கடவுச்சொல் வைப்பது எல்லாம் இத்தனை வருடமும் அண்ணன் கையில்தான் இருந்தது. அவளுடைய கடவுச்சொற்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

இப்போது மருத்துவமனையில் ஒரு புதிய விதி வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தங்கள் கணினியின் வட்டை முழுதாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். சாவியாகிய கடவுச்சொல் அவர்கள் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். வேறு யார் கையும் அதில் படக் கூடாது. நோயாளிகளின் அந்தரங்கம் இல்லையா, நியாயமான விதிதான். ஆனால் வட்டை முழுதாகப் பூட்ட லினக்ஸைப் புதிதாக நிறுவியாக வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும் என்று மேலாளர் போனில் சொன்னார்.

“இதுவரைக்கும் யார் பண்ணிக் குடுத்தாங்க? உங்க அண்ணனா? அப்ப அவருக்கும் எல்லாம் திறக்கத் தெரியும். அது இனிமே ஆகாதுங்க. உங்களால தனியா முடியலைன்னா தப்பில்லை, சொல்லிடுங்க. ஆபீஸ்லயே உக்காந்து பாக்குற ஆளைப் போட்டுக்குறோம்.”

தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னால் வேலை போகாதா என்ன?

ஜாக்கிரதைக்கு அன்றைக்கே ஒரு யோசனை தோன்றியது. “நான் பண்ணி வெச்சிடறேன். நீ பண்ணேன்னு சொல்லிடு பாப்பா. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்ல” என்றாள் தங்கை. “அப்புறம், நான் பாப்பா இல்ல. எனக்கு முப்பத்தாறு வயசு.”

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கையேட்டின் எந்த அத்தியாயத்தையும் ‘சோதித்தது’ என்று முத்திரை குத்தி வெளியிடுவதற்கு முன், அந்த வேலையை அதுவரை செய்திராத ஒருவர் அதைப் படித்துப் படித்தே செய்து முடிக்க வேண்டும். எழுதியவர் அதே அறையில் உட்கார்ந்து பார்ப்பார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. கைகாட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது. இதற்கு ‘மௌன விரதம்’ என்று பெயர். எழுதியவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தான் தெளிவாக எழுதியதாக நினைத்த வரியில் ஒருவர் தடுக்கி விழுவதை, நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்வையற்றவர்களுக்கான பகுதியைத் தங்கையே சோதித்தாள். சனிக்கிழமை காலையில், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், சோதனைக்கென்று அவர் வைத்திருந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு. கையேட்டை அவள் போன் ஒரு காதில் வாசித்தது. அவர் பின்னால் நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைகளை அவர் நம்பவில்லை.

கட்டளையை அடித்தாள். லேப்டாப் அணைந்து, மறுபடி எழுந்தது. இந்த இடத்தில் கையேடு சொன்னது இதுதான்: நிறுவி, அதாவது பென்டிரைவில் உள்ள நிறுவும் நிரல், தன் முதல் தேர்வுப் பட்டியலோடு தயாரானதும் ஒரு ‘பீப்’ ஒலி கேட்கும், கேட்டதும் ‘எஸ்’ விசையையும் என்டரையும் அமுக்கினால் நிறுவி பேச ஆரம்பிக்கும். கீழே சிவப்புக் கட்டம். ‘ஜாக்கிரதை! ஒலி வரும்வரை எந்த விசையையும் தொட வேண்டாம்.’

அவள் விரல்களை விசைப்பலகைக்கு மேலே நிறுத்திக் காத்திருந்தாள். கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது. அவள் எஸ் அமுக்கினாள், என்டர் அமுக்கினாள். “நிறுவலுக்கு நல்வரவு” என்றது ஒரு இரும்புக் குரல்.

அண்ணி சமையலறை வாசலில் நின்று கைதட்டினார். விரதம் முடிந்த ஜாக்கிரதை நாற்காலியை விட்டு எழுந்தார். முகமெல்லாம் பல்லாக நின்றார். அன்றைக்கே அத்தியாயத்தின் தலையில் ‘சோதித்தது’ முத்திரை ஏறியது. வெளியீட்டைக் கவனிக்கும் அம்மையாரை அந்தக் குழுவில் ‘தேதியம்மா’ என்பார்கள். தேதி தவறினால் அவர் முகத்தில் முழிக்க முடியாது. அவரே “பிரமாதம் ஜாக்கிரதை” என்று எழுதினார். அதை இவர் மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

புதன்கிழமை தங்கை தன் சொந்த லேப்டாப்பில் உட்கார்ந்தாள். பழைய கோப்புகளையெல்லாம் தனி வட்டில் எடுத்து வைத்தாயிற்று. வீட்டில் யாரும் வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிட்டாள். ஜாக்கிரதை ஆபீசில் ஒரு இருமல் மருந்துக்கு எச்சரிக்கை எழுதிக்கொண்டிருந்தார். மதியம் போன் வந்தது.

“அண்ணா, சத்தம் வரல.”

“எந்த சத்தம்? கையை எடு! எதையும் தொடாத!”

“தொடாமத்தான் உக்காந்திருக்கேன். உள்ள ஃபேன் ஓடுது, மெஷின் ஆன்ல இருக்கு. பீப் மட்டும் வரல. அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு.”

“எப்படி வராம இருக்கும்? சனிக்கிழமை வந்துச்சே! உன் முன்னாடிதானே வந்துச்சு?”

அவள் சனிக்கிழமைக் காலையை நினைத்துப் பார்த்தாள்.

“அண்ணா, சனிக்கிழமையும் வரல.”

“என்ன சொல்ற? நீதானே கரெக்டா எஸ் அமுக்கின?”

“அமுக்கினேன். இப்பத்தான் யோசிச்சுப் பாக்குறேன். பீப் கேட்டு அமுக்கலை. நீ மூச்சு விட்ட.”

“மூச்சா?”

“அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்த. திடீர்னு விட்ட, நாற்காலி கிரீச்சுனுச்சு. வந்துடுச்சு போலன்னு கை தானா போயிடுச்சு. எனக்கே தெரியல அண்ணா. சின்ன வயசுலேர்ந்து அப்படியே பழகிடுச்சு. இன்னிக்கு நீ இல்ல, மூச்சும் இல்ல. உக்காந்தே இருக்கேன்.”

ஜாக்கிரதை போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். அவள் சொன்னது சரி. சனிக்கிழமை பீப் கேட்டதாக அவருக்கு நினைவே இல்லை. கண் பார்த்துவிட்டதால் காது விடுப்பு எடுத்துக்கொண்டது. அந்த வரி பழைய பதிப்பிலிருந்து அப்படியே வந்தது. அந்தக் காலத்துக் கணினிகளில் பீப் அடிப்பதற்கென்றே பொட்டு மாதிரி ஒரு ஸ்பீக்கர் இருக்கும். இப்போது வருகிற லேப்டாப்பில் அது ஏது? அதைத் தொடாதே, இதைத் தொடாதே என்று முன்னூறு சிவப்புக் கட்டம் போட்ட மனிதர், பீப் என்று எழுதியதை ஒரு தடவை காது கொடுத்துக் கேட்கவில்லை. வாயை மூடி, கையைக் கட்டி, மூச்சில் காட்டிக்கொடுத்திருக்கிறார்.

“நான் வர்றேன். பர்மிஷன் போட்டுட்டு உடனே வர்றேன். நீ அப்படியே இரு.”

“வந்து?”

“வந்து... சும்மா பக்கத்துல நிக்கிறேன். ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

“நீ நின்னாலே பண்ற மாதிரிதான்னு இப்பத்தானே சொன்னேன்.” அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. “ஒண்ணே ஒண்ணு சொல்லு. சத்தம் வர்றதுக்கு முன்னாடி எஸ் அமுக்கினா என்ன ஆகும்?”

யாரும் அவரை இதைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பட்டியல் வந்திருக்காவிட்டால் அந்த எழுத்தை வாங்க அங்கே ஆள் இல்லை, அது காற்றோடு போகும். வந்திருந்தால் நிறுவி பேசும். மனதுக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். எப்படி ஓட்டினாலும் எதுவும் கெடவில்லை.

“ஒண்ணும் ஆகாது” என்றார்.

“மறுபடி அமுக்கினா?”

“ஒண்ணும் ஆகாது.”

“வட்டு அழிஞ்சிடாதே?”

“அது ரொம்பத் தள்ளி வரும். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் பண்ணும். பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான்.”

“அப்ப ஏன் தொடாத தொடாதன்னு சிவப்புல எழுதி வெச்ச? போன்ல ‘ஜாக்கிரதை’ன்னு அது படிக்கிறப்ப எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? கையெல்லாம் வேர்த்துடுச்சு. எதையாவது கெடுத்துட்டா அப்புறம் உன்னைத்தான் கூப்பிடணும், வேலை போயிடும்னு நெனச்சுத்தான் அரை மணி நேரமா கட்டை மாதிரி உக்காந்திருக்கேன்.”

“பயந்துதான் எழுதினேன்.”

“எனக்காகவா?”

“உனக்காகத்தான். உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு.”

“சரி, நான் வெக்கிறேன். தேவைன்னா கூப்பிடறேன். நீயா கூப்பிடாத” என்றாள்.

போன் வைத்ததும் ஜாக்கிரதை எழுந்தார், பையை எடுத்தார், மறுபடி உட்கார்ந்தார். அவளுக்கு நடை வந்த நாளிலிருந்து அவர் வாய் ஓய்ந்ததில்லை. படி இருக்கு, சுவர் இருக்கு, வண்டி வருது, சூடா இருக்கு. பாசத்தில்தான் சொன்னார், அதில் பொய் இல்லை. ஆனால் எத்தனை தடவை படி உண்மையாகவே இருந்தது? எத்தனை தடவை இல்லாத படிக்கு அவள் காலைத் தூக்கி வைத்திருப்பாள்? நினைக்க நினைக்க அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜைக்காரர் பார்க்கிறாரே என்று இருமல் மருந்துத் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தேதியம்மாவைக் கூப்பிட்டார்.

“முத்திரையை எடுத்திடுங்க. அந்தச் சோதனை செல்லாது.”

“விளையாடுறீங்களா? நாளன்னிக்கு வெளியீடு.”

நடந்ததைச் சொன்னார். தேதியம்மா திட்டுவதற்குத்தான் மூச்சை இழுத்தார். ஆனால் மூச்சுக் கதையைக் கேட்டபின் அந்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். “நிறுவியை இனிமே தொட முடியாது, சீல் வெச்சாச்சு. அடுத்த தடவை யாரும் தொடலைன்னா தானா பேசுற மாதிரி பண்ணலாம். இப்ப வெறும் எழுத்தை மட்டும்தான் மாத்த முடியும். சாயங்காலம் வரைக்கும் நேரம் தர்றேன். எழுத்தாலயே சரி பண்ண முடியுமா உங்களால?”

“பாக்குறேன்.”

இருமல் மருந்தை ஓரம் கட்டிவிட்டு அத்தியாயத்தைத் திறந்தார். பீப் பற்றிய வரியை அழித்தார். அதன் கீழிருந்த சிவப்புக் கட்டத்தை அழித்தார். அந்த இடத்தில் எழுதினார்: ‘கணினி மறுபடி எழுந்து ஒரு நிமிடம் போகட்டும். எஸ், பிறகு என்டர் அமுக்குங்கள். குரல் வரவில்லையா? சற்றுப் பொறுத்து மறுபடி அமுக்குங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கலாம். இந்தக் கட்டத்தில் நீங்கள் எதைத் தொட்டாலும் எதுவும் கெடாது. வேண்டாம் என்று தோன்றினால் கணினியை அணைத்துவிடுங்கள். அடுத்த தடவை உங்கள் பழைய கணினியாகவே எழுந்திருக்கும்.’

‘எதுவும் கெடாது’ என்ற சொற்களை அவர் தன் வாழ்நாளில் ஒரு கையேட்டிலும் எழுதியதில்லை. எழுதிவிட்டு அழிக்கத்தான் விரல் போனது. அப்புறம் மேலிருந்து கீழே மற்ற கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வட்டை அழிப்பதைப் பற்றிய கட்டம் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது என்பது இருக்க வேண்டும். மீதியில் பாதிக்கு மேல் ஆபத்து ஒன்றும் இல்லை, அவருடைய பயம்தான் இருந்தது. எடுத்துக்கொண்டே போனார். நடுநடுவே போனைப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் தேதியம்மாவுக்கு அனுப்பிவிட்டு, முத்திரை இருந்த இடத்தில் ‘இன்னும் சோதிக்கவில்லை’ என்று தன் கையாலேயே எழுதிவிட்டுப் புறப்பட்டார். கட்டடத்துக்குள் நுழைந்ததும் கால் தானாகக் கீழ்த்தளத்துப் பக்கம் திரும்பியது. தங்கையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அந்த இரும்புக் குரல் கேட்டது. என்ன சொல்கிறது என்று புரியவில்லை. பேசிக்கொண்டிருந்தது என்பதே போதுமாக இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கதவைத் தட்டவில்லை. கடவுச்சொல் கட்டமாக இருந்தால் காதில் விழுந்துவிடுமோ என்று இன்னும் நாலு படி மேலே ஏறி உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. “அங்க என்ன பண்ற? உள்ள வா.”

“இப்பத்தான் வந்தேன்.”

“புளுகாத. செருப்புச் சத்தம் அப்பவே கேட்டுது.”

உள்ளே போனார். லேப்டாப் மேஜையில் திறந்திருந்தது. முகப்புத் திரை பளிச்சென்று இருந்தது. அவர் அதிலிருந்து எட்டியே நின்றார்.

“அரை மணி நேரத்துல தூங்கிடுச்சோன்னு அணைச்சுட்டு, முதல்லேர்ந்து கட்டளை அடிச்சேன். எழுந்திருக்கிறதுக்குள்ள அமுக்கினேன், ஒண்ணுமில்ல. மறுபடி அமுக்கினேன், ஒண்ணுமில்ல. போடான்னு இன்னொரு தடவை அமுக்கினேன். பேசிடுச்சு” என்றாள். முகம் சிவந்திருந்தது. “அப்புறம் எல்லாம் அதுவே கேட்டுது, நான் பதில் சொன்னேன். வட்டை அழிக்கட்டுமான்னு கேட்டப்ப மட்டும் எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.”

“கடவுச்சொல்லு எங்கயாவது... மறந்துட்டேன்னா என்ன பண்ணுவ? என்கிட்டயாவது ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சொல்ல மாட்டேன்” என்று சிரித்தாள் தங்கை. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மருத்துவமனை மேலாளர். சரிபார்க்கக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாராம். ஸ்பீக்கரில் போட்டாள்.

“முடிஞ்சுதாங்க? நல்லது. சில விவரம் கேட்கணும். வட்டு பூட்டின முறை, பதிப்பு, அதெல்லாம் கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். பக்கத்துல யாராவது இருக்காங்களா? உங்க அண்ணன்?”

“இருக்காரு.”

“அப்ப அவர்கிட்டக் குடுங்க. அவருக்குத்தான் தெரியும்.”

தங்கை போனை அவர் நின்ற திசைக்கு நீட்டினாள். ஜாக்கிரதை அந்தப் போனைப் பார்த்தார். வட்டு பூட்டும் முறை, பதிப்பு எண், கையொப்பம் எல்லாம் அவரே எழுதிய அத்தியாயம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

“நீங்க கம்ப்யூட்டர் ஆளுன்னு சொன்னாங்களே?”

“ஆமாங்க. ஆனா இந்த மெஷின்ல நான் கையே வெக்கல. இது எப்படித் திறக்கும்னுகூட எனக்குத் தெரியாது. அவங்களைத்தான் கேட்கணும்.”

எல்லாம் தெரிந்திருந்த நாட்களில் ஒருநாளும் வராத பெருமை இப்போது வந்தது. தங்கை போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரிங்க மேடம், நீங்களே சொல்லுங்க” என்று முதல் கேள்வியை அவளிடம் கேட்டார்.